வண்டி இல்லாதவளின் விருந்தாளி

வெர்னா ஹால்வர்சன் தன் சொந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்ற செய்தி, நகராட்சி அலுவலகத்தின் பார்க்கிங் ஜன்னலில் வைத்துத்தான் அவளுக்கே தெரியவந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லிண்டன் தெருவில் அதே வீட்டில்தான் இருந்தாள். புருஷன் கண்ணை மூடியதும் அங்கேதான். இத்தனை காலமும் குடியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஜன்னலுக்குப் பின்னால் டெனிஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் இல்லை. விதிப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதைச் சிரித்த முகத்தோடு சொல்வாள், அவ்வளவுதான்.

"வண்டியோட பதிவுச் சீட்டைக் குடுங்க மேடம்."

"வண்டிய வித்துட்டேம்மா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. லைசென்ஸையும் நானே திருப்பிக் குடுத்துட்டேன். எனக்குப் பார்க்கிங் அட்டை வேணாம். என்னைப் பாக்க வர்றவளுக்கு விருந்தாளி அட்டை ஒண்ணு வேணும். அவ வண்டிய எங்க வாசல்ல நிறுத்தணும்ல."

"விருந்தாளி அட்டை குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தருவோம்."

"நான் குடியிருக்கேனே."

"எந்த வண்டியில?"

வெர்னாவுக்குக் கண்தான் மங்கியிருந்தது, காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் இன்னொரு தரம் கேட்டாள். டெனிஸ் பொறுமையாகப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். குடியிருப்பவர் என்பவர், மேற்படி தெரு முகவரியில் பதிவு செய்யப்பட்ட வாகனம் ஒன்றையேனும் உடையவர்.

"அப்ப வண்டி இல்லாதவங்க?"

"அப்படி ஒருத்தரைப் பத்தி இதுல சொல்லவே இல்ல மேடம்."

வெர்னா பையிலிருந்து வீட்டு வரி ரசீதையும் மின்சாரக் கட்டண ரசீதையும் எடுத்து நீட்டினாள். டெனிஸ் அவற்றை மரியாதையோடு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் வீடு இருக்குன்றதுக்குச் சாட்சி. நீங்க இருக்கீங்கன்றதுக்கு இல்லயே. வண்டிய விக்கறதுக்கு முன்னாடி நீங்க இருந்தீங்க. அதான் அப்ப அட்டை குடுத்தோம்."

இந்த அட்டைக் கூத்துக்குக் காரணம் தெருமுனையில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி. பதினாறு வயது முடிந்தால் ஆளுக்கொரு கார் என்பது அந்த ஊர் வழக்கம். பள்ளிக்குள் அத்தனை காருக்கும் இடமில்லை. அதனால் பிள்ளைகள் லிண்டன் தெருவின் இரண்டு ஓரமும் நிறுத்திவிட்டுப் போவார்கள். பாட்டுச் சத்தம் வீட்டுக்குள் வரும், காகிதக் கோப்பைகள் புல்வெளியில் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று காலைதான் வெர்னாவின் ரோஜாச் செடி மேல் யாரோ குளிர்பானத்தைக் கொட்டியிருந்தார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

கம்பத்துக்குக் கம்பம் பலகை வந்தது. அட்டை இல்லாத வண்டி எந்த நாளும் எந்த நேரமும் நிற்கக் கூடாது. பள்ளிக்கு விடுமுறை உண்டு, பலகைக்குக் கிடையாது. பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போனார்கள், அந்தத் தெருவும் மனுக் கொடுத்தது. அதற்கடுத்ததும் கொடுத்தது. கடைசியில் ஊர் எல்லையில் சோளக்காட்டு ஓரம்தான் மிச்சம். பிள்ளைகள் இப்போது காரில் சோளக்காடு வரை போய், அங்கிருந்து பள்ளிப் பேருந்தில் திரும்பி வருகிறார்கள். அந்தப் பேருந்து அவர்களில் பாதிப் பேருடைய வீட்டைத் தாண்டித்தான் வருகிறது.

லிண்டன் தெரு துடைத்து வைத்தது போல ஆயிற்று. முன்பெல்லாம் ஒரு பெண் தினமும் வெர்னாவின் ஜன்னலுக்கு நேரே காரை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்து இமைக்கு மை தீட்டுவாள். மை தீட்டும் வேகத்தை வைத்தே அன்றைக்குப் பரீட்சையா இல்லையா என்று வெர்னா சொல்லிவிடுவாள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணை இத்தனை தேடுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த வெறுமையையும் தாண்டி அவளுக்கு ஒரு புதன்கிழமை இருந்தது. புதன்கிழமை என்றால் ஆர்டிஸ். இளம் வயதில் இருவரும் ஒரே தொலைபேசி நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். ஊரின் மறுகோடியிலிருந்து கப்பல் மாதிரி ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு ஆர்டிஸ் வருவாள். காபி, எலுமிச்சைக் கேக், மாலைவரை சீட்டாட்டம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் வெர்னா எழுந்து தலை வாரிக்கொண்டாள். வெர்னாவிடம் கார் இருந்தவரை விருந்தாளி அட்டை ஆர்டிஸின் கண்ணாடியில் தொங்கியது. காரை விற்றதும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வெர்னா நல்ல பிரஜை, திருப்பிக் கொடுத்தாள். அந்த வரிசை வீடுகள் கார் காலத்துக்கு முந்தியவை. காம்பவுண்டுக்குள் வண்டி நிறுத்த வழி கிடையாது.

முதல் அபராதச் சீட்டு வந்தபோது ஆர்டிஸ் சிரித்தாள். அதன் பின்பக்கத்தில்தான் அன்றைய ஆட்டக் கணக்கை எழுதினாள்.

"ஏன்டி, டாக்ஸியில வந்தா என்னவாம்?" என்றாள் வெர்னா.

"எவனோ ஓட்ட, நான் பின்னால மல்லாந்துக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரத்தான் போகுது. அதுக்கு இப்பவே ஒத்திகை எதுக்கு? நீ சீட்டைப் போடு."

"சோளக்காட்டுல நிறுத்திட்டு வாயேன்."

"இந்த இடுப்புல பாதி எலும்பு, பாதி இரும்பு. அங்கேருந்து நடந்தா நான் இன்னிக்குக் கெளம்பி அடுத்த புதனுக்குத்தான் வந்து சேருவேன். ஆமா, ப்ளம்பருக்கு அட்டை குடுக்கிறானாமே?"

"குடுக்கிறான். தோட்டக்காரனுக்குக் குடுக்கிறான். நாய்க்கு முடி வெட்ட வர்றவனுக்குக்கூட உண்டாம்."

"அப்பவே சொன்னேன், ஒரு நாய் வளருடின்னு. கேட்டியா? இந்நேரம் கத்தரியோட கௌரவமா வந்து எறங்கியிருப்பேன்."

இரண்டாவது சீட்டுக்கும் சிரித்தாள். மூன்றாவது தடவை சீட்டு வரவில்லை, வண்டியே போயிற்று. பனி கொட்டிக்கொண்டிருந்த பகல். சத்தம் கேட்டு ஜன்னலில் பார்த்தபோது கப்பலின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. ஆர்டிஸ் கோட்டைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள், ஓடியது என்று சொல்ல முடியுமானால். இழுவை வண்டிக்காரன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். பிடித்த வண்டிகளை அடைத்து வைக்கும் நகராட்சிக் கொட்டடிக்கு இருவரும் போனார்கள். அங்கே ஆர்டிஸைத் தேடி வந்த மகன், எண்பது வயது அம்மா பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாததுதான் வெர்னாவைப் பயமுறுத்தியது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை வெர்னா பஸ் பிடித்துப் பார்க்கிங் ஆணையத்தின் கூட்டத்துக்குப் போனாள். ஐந்து உறுப்பினர்கள், ஒரு செயலர், ஒரு சட்ட ஆலோசகர். முதலில் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொன்னார்கள். பிறகு போன கூட்டத்தின் குறிப்பை ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிந்தார். அதற்குப் பிறகு பொதுமக்கள் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரியும்போது பேச வேண்டும், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் வாயை மூட வேண்டும். பொதுமக்கள் என்று வந்திருந்தது வெர்னா மட்டும்தான்.

அவள் ஆர்டிஸைப் பற்றிச் சொன்னாள். இடுப்பைப் பற்றியும் புதன்கிழமையைப் பற்றியும் சொன்னாள். ஐந்து பேரும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சை ஒருவர் இவ்வளவு நேரம் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்ற நினைப்பு நடுவில் வந்ததும், பேச்சை விட்ட இடத்தை அவள் தேட வேண்டியிருந்தது. அதில் கொஞ்சம் பச்சை வீணாயிற்று.

ஆணையத் தலைவர் ப்ரூயிட், வீட்டுமனைத் தரகர், கனிவானவர்.

"மிஸஸ் ஹால்வர்சன், உங்க தெரு இந்த ஊருக்கே முன்மாதிரி. முன்னாடி எத்தனை கார் நின்னுச்சு, இப்ப பாருங்க, ஒண்ணுகூட இல்ல. நானே போட்டோ எடுத்து எங்க ஆபீஸ்ல மாட்டி வச்சிருக்கேன். ஆளே இல்லாத தெரு. பாத்தாலே மனசு நெறஞ்சுடுது."

"அந்தப் போட்டோவுல என் வீட்டு ஜன்னல் தெரியுதா?"

"அழகாத் தெரியுது."

"அதுல நான் நின்னுக்கிட்டு இருக்கனா?"

செயலர் கேள்வியைப் பதிவு செய்துகொண்டார்.

"ஒண்ணு புரிஞ்சுக்கணும்," என்றார் ப்ரூயிட். "விருந்தாளிங்களுக்கு இந்த ஆணையம் எதிரி இல்ல. வராத வரைக்கும் அவங்களால எந்தத் தொந்தரவும் இல்ல. அதே மாதிரி வண்டி இல்லாதவங்களுக்கும் நாங்க எதிரி இல்ல. வண்டி வாங்கிக்க அவங்களுக்கு முழு சுதந்திரம் இருக்கு."

ஓடாத பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் போட்டால் போதுமா என்று வெர்னா கேட்டாள். சட்ட ஆலோசகர் புத்தகத்தைப் புரட்டினார். நகராத வண்டி கைவிடப்பட்ட வண்டி. ஒன்றைக் கைவிட்டவர் அந்த இடத்தில் குடியிருப்பவர் ஆக மாட்டார். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனாலும் ஆணையம் இரக்கமற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. லிண்டன் தெருவில் விருந்தாளி அட்டைக்குத் தேவை இருக்கிறதா என்று நிபுணரை வைத்து ஆராயத் தீர்மானம் போட்டார்கள். வழிமொழிய மூன்று பேர் போட்டி போட்டார்கள்.

நிபுணர் நிறுவனம் ஒரு பெண்ணை அனுப்பியது. மடக்கு நாற்காலி, கையில் எண்ணும் கருவி, காரில் ஆய்வுக்கான தனி அட்டை. தெருவுக்கு எத்தனை விருந்தாளி வருகிறார்கள் என்று அவள் பனியில் உட்கார்ந்து எண்ணினாள். தன் வாசலுக்கு எதிரே ஒரு ஆள் இருப்பதே வெர்னாவுக்குத் திருவிழாவாக இருந்தது. காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். விறைத்துப் போகிறாளே என்று உள்ளே கூப்பிட்டாள். அந்தப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள்.

"இப்ப உள்ள வந்தீங்கல்ல, ஒரு விருந்தாளின்னு எழுதிக்குங்களேன்," என்றாள் வெர்னா.

"அது முடியாதும்மா. நான் எண்ண வந்தவ. எண்ண வந்தவ எண்ணிக்கையில சேர மாட்டா."

"கேக் சாப்பிட்டீங்களே."

"அது வேலை நேரத்துச் சாப்பாடு."

அறிக்கை கெட்டி அட்டை போட்டு வந்தது. ஆய்வுக் காலத்தில் லிண்டன் தெருவுக்கு வந்த விருந்தாளிகள்: எவரும் இல்லை. ஆகவே விருந்தாளி அட்டைக்கான தேவை நிரூபிக்கப்படவில்லை. ப்ரூயிட் அதை உரக்கப் படித்தார். அட்டை இல்லாததால்தான் யாரும் வரவில்லை என்று வெர்னா சொன்னாள். அது அறிக்கையின் வரம்புக்குள் வராத விஷயம் என்றார் அவர். ஆனால் அவளுடைய விடாமுயற்சி அவருக்குப் பிடித்திருந்தது. வாகனமற்ற குடியிருப்பாளர் என்று புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கலாமா என்று பார்க்க உபகுழு அமைத்தார்கள்.

மாதம் தவறாமல் வெர்னா போனாள். நல்ல உடையாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். செயலர் அவளுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார். "வாங்க மிஸஸ் ஹால்வர்சன்" என்று ஐந்து வாயும் சொல்லும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அவளுக்கு ஊரில் அது ஒன்றுதான் மிச்சம். பேச ஒன்றும் இல்லாத மாதத்தில்கூடப் பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்து நின்று, குளிர் அதிகம் என்றாவது சொல்லிவிட்டு உட்காருவாள்.

புதன்கிழமைகளில் இருவரும் தொலைபேசியில் சீட்டாடினார்கள். ஆளுக்கொரு கட்டு.

"என்ன சீட்டுடி எறக்கின?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"ராணி."

"போன தடவையும் ராணின்ன. உங்கிட்ட எத்தனை ராணி இருக்கு?"

"நம்பிக்கை இல்லன்னா நேர்ல வந்து பாரு."

ஆர்டிஸ் தன் கட்டைக் குலுக்கும் சத்தம் தொலைபேசியில் கேட்டது.

பனி உருகத் தொடங்கியபோது ஆர்டிஸின் மகன் பேசாமல் வைத்திருந்ததைப் பேசினான். அம்மாவை அரிசோனாவுக்குத் தன்னோடு கூட்டிப்போகிறான். அங்கே பனி இல்லை, தனியாக வண்டி ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கப்பலை விற்றாயிற்று. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மகனுடைய கார் லிண்டன் தெருவுக்குள் வந்து வெர்னாவின் வாசலில் நின்றது. மகன் இன்ஜினை அணைக்கவில்லை. கண் முழுக்கப் பின்கண்ணாடியில் இருந்தது.

"எறங்கி வாடி, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ," என்றாள் வெர்னா.

"எறங்கினா நிறுத்தினதா ஆயிடுமாம். உக்காந்திருந்தா சும்மா நின்னதுதானாம். இவன் படிச்சிட்டு வந்திருக்கான்."

கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். வெர்னா அதைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. ராணி ஒன்றுதான் தன்னிடம் இருந்தது, இரண்டாவது பொய் என்று மட்டும் சொன்னாள். தெரியும் என்றாள் ஆர்டிஸ். தெருக்கோடியில் ரோந்து வண்டி திரும்பியது. "அம்மா" என்றான் மகன். கார் மெதுவாக நகர்ந்தது, வெர்னாவும் கையை விடாமல் நாலு எட்டு கூடவே நடந்தாள். பிறகு வீட்டுக்குள் போய், செய்து வைத்த கேக்கை எதிரே வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டு அழுதாள். கேட்க ஆளில்லாததால் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் உபகுழுவின் பரிந்துரை வந்தது. வாகனமற்ற குடியிருப்பாளர் என்ற பிரிவை ஆணையம் ஏற்றுக்கொண்டது. அட்டை பச்சையா நீலமா என்பதில் பிளவு ஏற்பட்டு, நீலப்பச்சை என்று சமரசம் ஆயிற்று. ப்ரூயிட் மேடையிலிருந்து இறங்கி வந்து, புகைப்படக்காரரைப் பார்த்தபடி, முதல் அட்டையை வெர்னாவின் கையில் கொடுத்தார்.

"ஒரு குடிமகளோட குரலுக்கு இந்த ஆணையம் எவ்வளவு சீக்கிரமா செவி சாய்க்குதுன்றதுக்கு இது அடையாளம்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னா ஆர்டிஸ் போனதைச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத யார் வேணா மாட்டிக்கலாமா?"

"உங்களைப் பாக்க வர்ற யார் வேணா."

அவள் ஐந்து முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்ப புதன்கிழமை உங்கள்ல யாராவது வர்றீங்களா? சீட்டு ஆடலாம். எலுமிச்சைக் கேக் பண்ணுவேன்."

ஆணையத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. எல்லோரும் சட்ட ஆலோசகரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தர் வந்தா, கேக் அன்பளிப்பு ஆயிடும். உறுப்பினர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது. மூணு பேர் வந்தா பெரும்பான்மை. அப்ப அது விருந்து இல்ல, ஆணையத்தோட கூட்டம். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டணும். கதவைத் திறந்து வைக்கணும். பொதுமக்கள் யார் வந்தாலும் உள்ள விட்டாகணும்."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும். சட்டம்."

"அப்ப மூணு பேரா வாங்க," என்றாள் வெர்னா. "அறிவிப்பை என் கதவுலயே ஒட்டுங்க. நான் திறந்தே வைக்கிறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்த அறைக்குக்கூட விளங்கிவிட்டது. ப்ரூயிட் மேடைக்கு ஏறித் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

"வரலாம், மிஸஸ் ஹால்வர்சன். எனக்கும் ஆசைதான். ஆனா அத்தனை பேர் வந்தா வண்டியெல்லாம் எங்க நிறுத்துவாங்க?"